ஒன்பது நாள் சும்மா இருந்தவர்

பசறையிலிருந்து லுணுகலைக்குத் தேயிலை மலை வழியே போகிற பாதையில், ஒரு பெரிய வளைவுக்குக் கீழே அவருடைய கராஜ் இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. எந்த ஓட்டோக்காரரிடம் கேட்டாலும், "பாஸ் கராஜா? அவசரம் இல்லேன்னா போங்க" என்று கை காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் மேசனும் பாஸ்தான், மெக்கானிக்கும் பாஸ்தான். ஆனால் வெறுமனே 'பாஸ்' என்றால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

'அவசரம் இல்லேன்னா' என்பதன் பொருள், என் ஸ்கூட்டியை முதன்முதலாக அவரிடம் விட்ட அன்றைக்குப் புரிந்தது. பின் சக்கரத்துக்குக் காற்றடிக்கச் சொல்லிவிட்டு, எதிர்ப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது என்ஜின் ஒரு சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சின்னச் சின்ன ஆணிகள் மாஜரின் டப்பாவில் பெட்ரோல் குளித்துக்கொண்டிருந்தன.

"காத்துதானே பாஸ் அடிக்கச் சொன்னேன்?"

"காத்து அப்பவே அடிச்சாச்சு டீச்சர். ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். உள்ளுக்குள்ள ஒரு சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

அவர் என்னை, வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பிள்ளையை நான் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஓடுறது வேற டீச்சர், நல்லா ஓடுறது வேற."

அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. முன்னைவிட நன்றாகவே ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காற்றுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். மற்றதெல்லாம் அவருடைய ஆசைக்குச் செய்ததாம். அடுத்த வாரம் வழியில் நிறுத்தி, "இப்ப வேற ஒரு சத்தம் வருது" என்றார்.

பேராசைக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. சோம்பேறி என்று சொல்லவே முடியாது. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஒழுங்காக இருக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். கோயில் திருவிழாவில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை இன்னும் நன்றாகப் பாடவைக்கப் போய், அம்மன் ஊர்வலத்தை மேளத்தோடு மட்டும் அனுப்பிவைத்தார்.

அவர் மனைவி சாந்தி என்னோடு சாதாரண தரம் வரை படித்தவள். கல்யாணத்தன்று நான்தான் மணப்பெண்ணுக்குத் தோழி. பூப் போட்டு அலங்கரித்த வேன் வாசலில் வந்து நின்றது. கொண்டுவந்து விட்ட டிரைவர், வழியில் மாப்பிள்ளை வேனைத் தடவிப் பார்த்தார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். வேன் அசையவில்லை. கோயிலுக்குப் போன் பண்ணினால், பட்டு வேட்டியில் இருந்த மாப்பிள்ளை, "ஒரு வயர லேசா மாத்தினேன். நல்லதுக்குத்தான்" என்றார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் போனோம். தாலி கட்டும்போது சாந்தியின் கூறைச் சேலையில் பச்சைக் கொழுந்து ஒட்டியிருந்தது. அதையும் அவர்தான் குனிந்து எடுத்துவிட்டார். அவருடைய கை செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

கல்யாணமாகி நாலாவது வருஷம், தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு வெளியேற ஒரு துண்டுக் காணி கிடைத்தது. வீடு கட்டுவதற்காகச் சாந்தி வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் அனுப்பிய காசில் சுவர் எழும்பியது. சுவர் எழும்பியதும் பாஸுக்கு ஜன்னல் மேல் சந்தேகம் வந்தது. கிழக்கே வைத்த ஜன்னலை உடைத்துத் தெற்கே வைத்தார். தெற்கே வைத்ததில் மழைச்சாரல் அடிக்கிறது என்று மறுபடி கிழக்கே வைத்தார். கூரைக்கு வைத்திருந்த காசில் ஒரு பங்கு இப்படி ஒரே ஜன்னலின் போக்குவரத்துச் செலவாகப் போயிற்று.

மீதிக் காசு வங்கியில் இருந்தபோதுதான் ரூபாயின் மதிப்பு விழுந்தது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷத்தை யாரும் மறக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் அப்படியே இருக்க, அந்த இலக்கத்துக்கு வாங்கக்கூடிய தகரம் மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்ததைச் சாந்தி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்த கட்டிடத்தில் இன்னொரு வீட்டிலிருந்த கண்டிப் பெண்ணொருத்தி பிட்கொயின் வாங்கி வைத்திருந்தாளாம். இனிமேல் அனுப்புகிற காசில் பாதியை அப்படி வைக்கலாம் என்று சாந்திதான் தீர்மானித்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன். கிரிப்டோ என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் பாஸ் அல்ல. அதைக் கழற்றிப் பார்த்தவர் மட்டுமே அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய ஓய்வு நாளில், கராஜிலிருந்து வீடியோவில் பேசினோம். சாந்தி புருஷனிடம் சொன்னாள்: "வாங்குங்க. வாங்கிட்டுப் போனக் கீழ வச்சிருங்க. ஏறினாலும் விக்காதீங்க, எறங்கினாலும் விக்காதீங்க. நான் ஊருக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"சரி."

"சும்மா இருக்கணும். வெளங்குதா?"

"சும்மா இருக்கிறதுல என்னா கஷ்டம்?" என்றார் பாஸ். பேசிக்கொண்டே அவர் என் ஸ்கூட்டியின் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, நீ பக்கத்துலதானே இருக்க. ஒரு கண்ணு வச்சுக்க."

நானும் தலையாட்டினேன்.

ஒன்பது நாள் சும்மா இருந்தார். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு சாதனை என்பதால் எண்ணிவைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது நாளும் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் கைக்குப் போன் திறக்காது. அதனால் வலது கட்டைவிரலை மட்டும் அடிக்கடி பெட்ரோலில் கழுவிக்கொள்வார். ஒன்பது விரலும் கறுப்பாக, ஒரு விரல் மட்டும் கல்யாண மாப்பிள்ளைபோல வெளுத்திருக்கும்.

பத்தாம் நாள் நான் போனபோது முகத்தில் அதே பழைய சந்தேகம். பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிள் திருத்த வந்த ஒரு இளைஞன் ஏதோ வீடியோக்களைக் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

"என்ன பாஸ், காயின் எறங்கிருச்சா?"

"இல்ல, ஏறியிருக்கு. ஆனா இது ஸ்பாட் டீச்சர்."

"ஸ்பாட்னா?"

"இப்ப நீங்க காசு குடுத்து ஸ்கூட்டி வாங்கிட்டீங்க. வெல எறங்கினா எறங்கட்டும், வண்டி ஒங்க வீட்டுல நிக்கும். அது ஸ்பாட். ஃபியூச்சர்ஸ் அப்படி இல்ல. வண்டியே வேணாம். வெல ஏறுமா எறங்குமான்னு சொன்னாப் போதும். அதுல லெவரேஜ்னு ஒண்ணு இருக்கு. ஆயிரம் ரூவா கட்டினீங்கன்னா இருபதாயிரம் ரூவா வச்சிருக்கிற ஆள் மாதிரி வெளையாடலாம். நூத்துக்கு அஞ்சு ஏறிச்சுன்னா ஒங்க ஆயிரம் ரெண்டாயிரம்."

"எறங்கிட்டா?"

"அதே அஞ்சு எறங்கினா ஆயிரமும் போயிரும். அவனே இழுத்து மூடிருவான். அதுக்கு லிக்விடேஷன்னு பேரு. அப்புறம் வெல ஏறினாலும் நமக்கு ஒண்ணும் இல்ல."

"நூத்துக்கு அஞ்சுங்கிறது பெரிய எறக்கமா?"

"அட நீங்க வேற! ஒரு பிளேன்டி குடிக்கிறதுக்குள்ள எறங்கும்" என்றார். அவர் குரலில் இருந்தது பயமல்ல, ஒரு நல்ல என்ஜினைப் பற்றிப் பேசும் மரியாதை.

அன்றைக்கு அவர் சொன்னதைவிடத் தெளிவாக அந்த வியாபாரத்தை இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. பாஸ் விவரம் தெரியாமல் விழுந்தார் என்று பிறகு ஊரில் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. அது அவருக்குச் செய்யும் அநியாயம். குழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்து சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

"அப்ப ஸ்பாட்டே நல்லதுதானே பாஸ்? சாந்தியும் அதத்தானே சொன்னா?"

"ஓடுது டீச்சர். இல்லேங்கல. ஆனா நல்லா ஓடல."

முதலில் கராஜ் வருமானத்தில் ஒரு சின்னத் தொகை. ஐந்து மடங்கு லெவரேஜ். வென்றார். பிறகு பத்து மடங்கு. அதிலும் வென்றார். பசறை பேக்கரியிலிருந்து ரோல்ஸ் வாங்கிவந்து, கராஜில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தார்.

"போதும் பாஸ், இதுல கூரைக்குத் தகரம் வாங்கிடுங்க" என்றேன், ரோல்ஸைத் தின்றுகொண்டே.

"தகரமா? ஓடு போடலாம் டீச்சர். கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுக்கச் சொன்னது எங்களை. சில நாளில் மனைவியின் பிட்கொயினையும் ஃபியூச்சர்ஸ் கணக்குக்கு ஈடாக மாற்றிவிட்டார். கேட்டதற்கு, "விக்கல டீச்சர். அந்தப் பெட்டியில இருந்தத இந்தப் பெட்டியில வச்சிருக்கேன்" என்றார்.

இனிமேல் சொல்லப்போவது எங்கள் கதை. பாஸைக் கேலி செய்வது சுலபம். எங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அந்த இரண்டு மாதமும் பசறைப் பாதைக்குப் பொற்காலம். பஞ்சருக்கு விட்ட வண்டி பஞ்சர் ஒட்டித் திரும்பி வந்தது. பல்புக்கு விட்ட வண்டியில் பல்பு மட்டும் மாறியிருந்தது. காலையில் விட்டால் மத்தியானம் எடுக்கலாம். பாஸின் கைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதால், எங்கள் வண்டிகளின் உள்ளே கேட்ட சத்தமெல்லாம் தானாக நின்றுபோயிற்று. ஓட்டோ ஸ்டாண்டில் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள். "மனுசன் இப்பத்தான் திருந்தியிருக்காரு" என்று ஒரு டிரைவர் என்னிடமே சொன்னார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று நாலு பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சாந்தியின் குரல் பதிவு வரும். "என்னா புள்ள, இவரு சும்மாதானே இருக்காரு?"

"கராஜ் வேலையெல்லாம் ஒழுங்காப் பாக்கிறாரு" என்று பதில் அனுப்புவேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகவில்லை.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, காலையில் எல்லாம் முடிந்தது. பிரேக் லைட் பல்பு மாற்றப் போயிருந்தேன். ஒரு மினிபஸ்ஸின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார். மினிபஸ் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பாஸ் போனைப் பார்த்தார். கட்டைவிரலைக் கழுவினார். மறுபடி பார்த்தார். கராஜில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. எழுந்து, மேலே தேயிலை மலையில் ஏற ஆரம்பித்தார்.

"பாஸ், பிரேக்கு?" என்றார் டிரைவர்.

"இந்தா வந்துட்டேன்."

அவர் மேலே போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அலறினார்: "எறங்குது! எறங்குது!"

டிரைவர் பாய்ந்துபோய்ப் பின் சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவருக்கு எது இறங்குகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மேலே பாஸின் கட்டைவிரல் வேலையில் இறங்கிவிட்டது.

பிறகு அவரே சொன்ன விவரம் இது. விலை ஏறும் என்று இருபது மடங்கு லெவரேஜில் எல்லாவற்றையும் கட்டியிருந்தார். விலை நூற்றுக்கு மூன்று இறங்கியது. கட்டியதில் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போதும் சும்மா இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். ஏனென்றால் அதற்குக் கீழே அன்றைக்கு விலை போகவில்லை. ஆனால் அவர் அதை மூடிவிட்டு, மீதி இருந்ததை எடுத்து, இனி இறங்கும் என்று ஐம்பது மடங்கில் கட்டினார். விலை ஏற ஆரம்பித்தது. மீதியும் போய்விட, நூற்றுக்கு இரண்டுகூட ஏறவேண்டியிருக்கவில்லை. இறங்கியபோதும் தோற்று, ஏறியபோதும் தோற்று, மலையிலிருந்து கீழே வந்தார்.

உட்கார்ந்து பிரேக்கைப் பூட்டினார். சோதித்துப் பார்த்தார். காசை வாங்கி டிரைவரை அனுப்பினார். என் பல்பையும் மாற்றினார். அவ்வளவு கச்சிதமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"போயிருச்சு டீச்சர்."

"எவ்வளவு?"

"சாந்தியோடது எல்லாம்."

நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி போல அவர் என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். விலை, காலையில் எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு வந்து நின்றது. வாங்கிவிட்டுச் சும்மா இருந்த எவருக்கும் அன்றைக்கு ஒரு சதம் நட்டமில்லை.

"பாத்தீங்களா? ஏறும்னு நான் மொதல்லயே சொன்னேன்ல" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாந்தியின் அழைப்பு வந்தது. "நீங்க சொல்லுங்க டீச்சர், ஒங்க கூட்டாளிதானே" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, ஒரு ஓட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் சொன்னேன். ஃபியூச்சர்ஸ், லெவரேஜ் எல்லாவற்றையும் அவர் எனக்குச் சொன்ன அதே தெளிவோடு சொன்னேன். சாந்தி கடைசிவரை கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவது கேட்டது. "சரி, மேடம் கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டாள். கூரை இல்லாத வீட்டுக்குள் இரண்டு மழைக்காலம் பெய்தது. ஜன்னல் உயரத்துக்குப் பன்னச் செடி முளைத்தது. பாஸ் திரும்பவும் எங்கள் வண்டிகளுக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தார். ஓட்டோ ஸ்டாண்டில் திரும்பவும் அவரைத் திட்டினார்கள். வெள்ளிக்கிழமைக் குரல் பதிவு மட்டும் திரும்பவும் வரவில்லை.

சாந்தி வந்து சேர்ந்த முதல் வாரத்தில் வீட்டுக்குத் தகரம் ஏறியது. இரண்டாவது வாரம் கராஜுக்கு ஒரு இரும்பு அலுமாரி வந்தது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் அதில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி கொண்டுவருகிறவர்கள் என்ன கோளாறு என்பதை இனி அவளிடம்தான் சொல்லவேண்டும். பஞ்சர் என்றால் பஞ்சருக்கு வேண்டிய சாமானை மட்டும் எடுத்து நீட்டுவாள். அதை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. பாஸ் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைபோல அடங்கி இருந்தார். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கராஜ் முதன்முறையாக லாபத்தில் ஓடியது.

எனக்குப் பதுளைக்கு மாற்றம் கிடைத்தது. போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை, ஸ்கூட்டிக்கு எண்ணெய் மாற்றப் போனேன். சாந்தி "வாங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டாள். எண்ணெய் ஊற்றும் புனலையும் ஒரேயொரு ஸ்பேனரையும் எடுத்துப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, பின்னால் தேத்தண்ணி போடப் போனாள்.

பாஸ் என் பக்கத்தில் வந்து குந்தினார். அவரிடம் இப்போது பட்டன் போன்தான்.

"டீச்சர், ஒங்க போன்ல அந்த வெலையப் பாக்கலாமா?"

"எதுக்கு பாஸ்?"

"சும்மாதான். பாக்கிறதுக்கு மட்டும்."

கொடுத்திருக்கக் கூடாது. தேடி எடுத்துக் கொடுத்தேன். கிரீஸ் விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு, திரையைத் தொடாமல், எட்ட வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. அன்றைக்குப் போனதை இன்றைய விலையோடு கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"எவ்வளவு?" என்று பின்னால் சாந்தியின் குரல்.

நாங்கள் இரண்டு பேரும் திடுக்கிட்டோம். அவள் தேத்தண்ணியோடு நின்றாள். பாஸ் விலையைச் சொன்னார். அவள் ஒரு கணம் தகரக் கூரை தெரிகிற பக்கம் பார்த்தாள்.

"ஓடு போட்டு, தரைக்கு டைல்ஸும் பதிச்சிருக்கலாம்" என்றாள். கோபம் எதுவும் இல்லை, அளவு சொல்கிற குரல். பாஸ் தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய் ஊற்றப் போனார்.

அவர் வைத்துவிட்டுப் போன என் போனை அவள் எடுத்து, அதில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். புருஷனைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

"இத மட்டும் ஒடனே காட்டிட்டீங்க டீச்சர்" என்று சொல்லி, போனை என் மடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணியை நீட்டினாள்.